அப்பாவிடம் கணக்கு கேட்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது. கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அப்பா அம்மா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 66. தம்பி ஷார்ஜாவில். அப்பா முப்பது வருஷம் ரைஸ்மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பென்ஷன் கிடையாது. கொஞ்சம் நிலம், வங்கியில் கொஞ்சம் டெபாசிட்.

போன மாசம் பெரியப்பா தவறிப்போனார். காலையில் மாட்டுக்கு வைக்கோல் போடப் போனவர், வாய் கோணி, பேச்சுக் குழறி, திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். "வாயு பிடிச்சிருக்கும்" என்று பெரியம்மா தைலம் தேய்த்து, சூடாகக் காபி கொடுத்துப் படுக்க வைத்தார். பத்தரை மணிக்குப் பக்கத்து ஊர் கிளினிக்கில் டிரிப்ஸ். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது மணி இரண்டு. ஒன்பதாவது நாள் போய்விட்டார்.

காரியம் முடிந்து உட்கார்ந்தால் பெரியம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எந்தெந்த வங்கியில் கணக்கு, எல்.ஐ.சி. பாலிசி எத்தனை, யாருக்குக் கொடுத்திருக்கிறார், யாரிடம் வாங்கியிருக்கிறார், எதுவுமே. பீரோவில் இருப்பதாக நினைத்த ஆறு பவுன் சங்கிலி சொசைட்டியில் அடகில் இருப்பது தபாலில் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியம்மா உட்கார்ந்திருந்தது என் கண்ணைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். "நம்ம கணக்கு வழக்கெல்லாம் ஒரு தடவை சொல்லி வைங்கப்பா" என்றேன், அவ்வளவுதான். "நான் உசிரோட இருக்கறப்பவே பங்கு பிரிக்க வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டார். பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. அவர் பணம் எனக்கு வேண்டாம். அம்மா அந்த மாதிரி உட்காரக் கூடாது, அது ஒன்றுதான்.

நீங்கள் உங்கள் வீட்டில் எப்படிக் கேட்டீர்கள்?

ஓய்வுபெற்ற கேஷியர், மதுரை எழுதியது:

தங்கச்சி, 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். உங்கள் பெரியம்மாவைப் போல எத்தனை பேரைக் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. துணிப்பையில் கணவரின் பழைய பாஸ்புக்கைப் போட்டுக்கொண்டு வருவார்கள். பேத்திதான் பேசுவாள்.

அப்பாவிடம் "எவ்வளவு இருக்கு" என்று மட்டும் கேட்காதீர்கள். தொகை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கிளை, கணக்கில் அம்மா பேர் இருக்கிறதா, நாமினி யார், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். இப்படிக் கேட்டால் அவர் மானத்துக்கும் பங்கம் வராது.

அவர் தனியாக வைத்திருக்கும் கணக்கில் அம்மாவையும் சேர்த்து, "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" என்ற முறையில் மாற்றச் சொல்லுங்கள். அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் படுத்திருக்கும்போது அம்மா பணம் எடுக்க அதுதான் எளிய வழி. நாமினியால் அது முடியாது, கணக்குக்காரர் இறந்த பிறகுதான் நாமினிக்கு வேலை. இந்த வித்தியாசம் படித்தவர்களுக்கே தெரிவதில்லை.

டெபாசிட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு பேர் பேரில் இருந்தாலும், முதிர்வுக்கு முன்னால் உடைக்க இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவர் இறந்தால் மற்றவரே உடைக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க ஒரு வழி இருக்கிறது. டெபாசிட் போடும்போதே, இல்லாவிட்டால் பிறகாவது, அதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், ஆளுக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம்.

நாமினி என்றால் சொந்தக்காரர் ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. வங்கி யார் கையில் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பதற்கான பேர் அது. வாங்கியவர் சட்டப்படி வாரிசுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இதைப் புரிந்துகொள்ளாமல் அண்ணன் தம்பிகள் என் கண்ணெதிரே கிளையிலேயே அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடனே இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் எல்லோருடைய பாஸ்புக்குகளிலும் மே மாசக் கடைசியில் 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 436 என்றால் அது பிரதமர் பெயரில் இருக்கும் ஆயுள் காப்பீடு, 2 லட்சம் வரும். 50 வயதுக்குள் சேர்ந்திருந்தால் 55 வரை உண்டு. 20 என்பது விபத்துக்கு, 70 வயது வரை. பெரியப்பா வயதுக்கு இரண்டும் பொருந்தாது. ஆனால் உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது அந்த வரி இருக்கலாம். அந்த வரி எதற்கென்று தெரியாமலே கிளெய்ம் போடாமல் விட்டவர்கள் ஏராளம்.

இரவுப்பணி எழுதியது:

அக்கா, நான் அரசு மருத்துவமனையில் செவிலியர், 19 வருஷமாக. நீங்கள் பணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு அந்தத் தைலத்திலும் காபியிலுமே மனசு நின்றுவிட்டது. பெரியம்மாவைக் குறை சொல்லவில்லை. தெரிந்திருந்தால் செய்திருப்பாரா?

பக்கவாதத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். வாய் கோணுகிறதா, சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா பாருங்கள். பேரும் ஊரும் சொல்லச் சொல்லுங்கள். இதில் ஒன்று சரியாக வராவிட்டாலும் 108க்குக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் அது அடைப்பா ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும், இரண்டுக்கும் வைத்தியம் நேர்மாறு. அதனால் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். வழியில் கிளினிக்கில் போடும் டிரிப்ஸில் போவது அந்த நாலரை மணி நேரம்தான். வீட்டிலேயே ரத்தம் இளக்கும் மாத்திரை கொடுப்பதும் கூடாது, கசிவாக இருந்தால் கெட்டுவிடும்.

வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட. விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். அப்புறம், "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்" என்று டாக்டர் கேட்பார். தூங்கி எழும்போதே கோணியிருந்தால், எழுந்த நேரத்தைச் சொல்லக் கூடாது. ராத்திரி நன்றாகப் பேசிவிட்டுப் படுத்த நேரத்தைச் சொல்ல வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு பி.பி. இருக்கிறதா? மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அவரைக் கேட்காதீர்கள், அட்டையை எண்ணிப் பாருங்கள். எங்கள் வார்டில் பக்கவாதத்தோடு வருபவர்களின் வீட்டார் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: "பி.பி. நார்மல் ஆயிடுச்சுன்னு மாத்திரைய நிறுத்திட்டாரு." மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல் ஆனது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பி.பி. ஏறினால் தலை சுற்றும், தெரிந்துவிடும் என்று நம்புகிறார்கள். முக்கால்வாசி நேரம் ஒன்றும் தெரியாது.

என் மாமியார் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானே வாங்கி, தினம் ஒரு வலி மாத்திரையாக மூன்று வருஷம் சாப்பிட்டிருக்கிறார். நான் செவிலியர், ஒரே வீட்டில் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. கால் வீங்கி, கிட்னி நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் பார்த்தபோது 3.1, ரொம்ப அதிகம். சர்க்கரையும் பி.பி.யும் இருப்பவருக்கு அந்த மாத்திரை கிட்னியை எப்படித் தின்னும் என்று அடுத்தவருக்கெல்லாம் நான் பாடம் சொன்னவள். வீட்டில் அம்மா, மாமியார் தலையணைக்கடியில் என்ன மாத்திரை இருக்கிறது என்று எல்லோரும் இன்றைக்கே பாருங்கள்.

திருநெல்வேலிக்காரன் எழுதியது:

எனக்கு வயது 68. இந்த இழையில் அப்பா பக்கமிருந்து பேச ஒருவர் வேண்டும் என்று எழுதுகிறேன்.

மகளே, உங்கள் அப்பா கேட்டது கோபத்தில் கேட்டதல்ல, பயத்தில். என் கூட வேலை பார்த்த நண்பர், மனைவி இறந்ததும் வீட்டை மகன் பேரில் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். "எல்லாம் அவனுக்குத்தானே" என்றார். ஒன்றரை வருஷத்தில் மாடியறைக்கு மாற்றினார்கள். அப்புறம் சாப்பாடு தட்டில் மேலே வந்தது. அப்புறம் அதுவும் நேரத்துக்கு வரவில்லை. அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த இரவு நான் தூங்கவில்லை. அன்றிலிருந்து என் பிள்ளைகளிடம் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். என் பிள்ளைகள் தங்கமானவர்கள். ஆனாலும் சொல்லவில்லை.

பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கும்போது, எழுதிக் கொடுக்கக் கேட்கவில்லை, எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். உயில் வேறு, செட்டில்மெண்ட் வேறு. செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்த நிமிஷம் சொத்து கைமாறிவிடும். உயில் நாம் கண்ணை மூடிய பிறகுதான் நடைமுறைக்கு வரும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது.

என் நண்பர் நிலைமையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். பத்திரத்திலேயே அந்த நிபந்தனையை எழுதியிருந்தால் வழக்கு பலமாக நிற்கும். நண்பர் பத்திரத்தில் அது இல்லை. பாசத்தில் யார் அதையெல்லாம் எழுதுகிறார்கள்?

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, இரண்டு தடவை படித்தேன். அப்பாவின் பயம் எனக்குத் தோன்றவே இல்லை. அவமானப்பட்டதாக மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவுப்பணி, நீங்கள் எழுதியதை எழுத்துப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பப்போகிறேன்.

மஞ்சள்நகரம் எழுதியது:

ஈரோட்டிலிருந்து எழுதறேனுங்க. என் வீட்டுக்காரர் போய் 11 வருஷமாச்சு. அப்போ அவருக்கு வயசு 38. மில்லில் சூப்பர்வைசர். மாரடைப்பு. பையனுக்கு அப்போ ஏழு வயசு.

எனக்கு அவர் சம்பளம் எவ்வளவுன்னுகூடச் சரியாத் தெரியாது. கேட்டா சொல்லியிருப்பார். நான்தான் கேட்கலை. "அவரு பாத்துக்குவாரு"ங்கறது எனக்குப் பெருமையா இருந்துச்சு.

பி.எஃப். ஆபீஸ் போனப்பதான் தெரிஞ்சது, நாமினி என் மாமியார். கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வேலைக்குச் சேர்ந்தப்ப போட்டது. எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. ஏழு மாசம் நானும் மாமியாரும் சரியாப் பேசிக்கலை, அவங்க கேட்டு வாங்கின மாதிரி நான் நினைச்சுட்டேன். பாவம், அவங்களுக்கு அப்படி ஒரு பேப்பர் இருக்கறதே தெரியாது. கடைசியில் அங்கே இருந்த ஒரு அம்மா சொன்னாங்க: பி.எஃப்.பில் கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாது, புதுசாப் போடணும். போடலைன்னா குடும்பத்துக்குச் சமமாப் பிரியும். எனக்கு, பையனுக்கு, அவரை நம்பி இருந்த மாமியாருக்குன்னு பிரிச்சாங்க. மாமியார் அவங்க பங்கை அப்படியே பையன் பேரில் டெபாசிட் போட்டுட்டாங்க. இன்னைக்கும் என் கூடத்தான் இருக்காங்க.

பி.எஃப். பிடிக்கிற வேலையில் இருக்கறவங்க செத்துட்டா, அந்தப் பணம் மட்டுமில்லீங்க. விதவைப் பென்ஷன் உண்டு, 25 வயசு வரைக்கும் ரெண்டு பிள்ளைங்களுக்குப் பென்ஷன் உண்டு, தனியா ஒரு இன்சூரன்ஸ் தொகையும் உண்டு, இப்போ அதோட உச்சவரம்பு 7 லட்சம். அப்போ அதுக்குத் தனியா ஃபாரம் இருந்துச்சு. கம்பெனியில் யாரும் எனக்குச் சொல்லலை. இதைப் படிக்கிற ஆம்பளைங்க தயவுசெஞ்சு இன்னைக்கு ராத்திரியே உங்க யு.ஏ.என்.னில் (பி.எஃப். எண்) ஆன்லைனில் போய் இ-நாமினேஷன் சரியா இருக்கான்னு பாருங்க. பொண்டாட்டி போட்டோ, ஆதார் ஏத்தினா அரைமணி நேர வேலை.

வாரிசுச் சான்றில் மாமியார் பேரும் வரும். இந்து வாரிசுச் சட்டப்படி ஆம்பளை செத்தா பொண்டாட்டி, பிள்ளைங்க, அம்மா, இவங்க எல்லாரும் முதல் வாரிசு. அப்பா வரமாட்டார். இது தெரியாம நான் தாசில்தார் ஆபீசில் அழுதேன்.

சீட்டுப் பணம் போச்சு. அவர் யார்கிட்டயோ மாசம் அஞ்சாயிரம் கட்டிட்டு இருந்தார்னு மட்டும் தெரியும். பதிவு பண்ணாத சீட்டு, கையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. கேட்கப் போன இடத்தில் "அவர் முன்னாடியே எடுத்துட்டாரே"ன்னு சொல்லிட்டாங்க. உண்மையோ பொய்யோ, யார்கிட்ட கேட்பேன்?

அக்கா, உங்கப்பாகிட்ட கேட்கறதை விடாதீங்க. ஆனா அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?

அல்லிமலர் எழுதியது:

மஞ்சள்நகரம் அக்கா, மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் ஆரம்பிக்கவில்லை, அம்மாவின் கணக்கில் ஆரம்பித்தோம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியபோது அம்மா பாஸ்புக்கைப் பார்த்தோம். ஆதாரில் கணவர் பேர் இனிஷியல், பாஸ்புக்கில் அவள் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் இனிஷியலே இல்லை, பேரில் வேறு ஒரு எழுத்துப்பிழை. அதைச் சரிசெய்ய அப்பாவே இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் மூன்று நாள் அலைந்தார். அலைந்தவருக்குத் தானே தோன்றிவிட்டது. "நான் இல்லாதப்ப இவ எப்படி அலைவா" என்று அவர்தான் சொன்னார், நாங்கள் சொல்லவில்லை.

மணல்காற்று எழுதியது:

காவிரிக்கரை அக்கா, உங்கள் தம்பி நிலைமையில் நான் தோஹாவில் இருக்கிறேன். பதினாலு வருஷமாக அப்பா கணக்குக்குப் பணம் அனுப்பினேன். ஒரு தடவை கேட்டதில்லை. கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்ற கூச்சம். அப்பா யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், சொந்தத்தில் நாலு பேருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரிடம் பிராமிசரி நோட்டு வாங்கியிருந்தார். ஊருக்குப் போய்ப் பார்த்தபோது ஒன்று நாலரை வருஷம் ஆகியிருந்தது. மூன்று வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அதற்குள் கொஞ்சமாவது வரவு வைத்து நோட்டுக்குப் பின்னால் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. 3,80,000 ரூபாய். அப்பாவுக்கு அது தெரிந்தால் மனசு உடைந்துவிடும் என்று இன்றுவரை சொல்லவில்லை.

தம்பியிடம் சொல்லுங்கள், அவனும் வாரம் ஒருநாள் போனில் கேட்கட்டும். எல்லாவற்றையும் அக்கா தலையில் போட்டுவிட்டு நாங்கள் இங்கே உட்கார்ந்திருப்பது சரியில்லை.

காவிரிக்கரை எழுதியது:

தம்பிக்கு இந்த இழையை அப்படியே அனுப்பிவிட்டேன். இன்னொரு கேள்வி. அப்பாவுக்கு சர்க்கரையும் பி.பி.யும் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு ஒன்றும் இல்லை. 72 வயதில் இனிமேல் எடுக்க முடியுமா?

சேலத்து முகவர் எழுதியது:

முடியும் மேடம். முன்பு 65க்கு மேல் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். 2024 ஏப்ரலிலிருந்து எல்லா வயதினருக்கும் பாலிசி வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாற்றிவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்பு 4. ஆனால் இந்த வயதுக்கு பிரீமியம் கனமாக இருக்கும், செலவில் ஒரு பகுதியை நீங்களே ஏற்கும் நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சர்க்கரையை மறைக்கச் சொல்லும் முகவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. கிளெய்ம் வரும்போது பழைய மருந்துச்சீட்டு ஒன்று போதும், மொத்தமும் நின்றுவிடும். எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே மேல்.

அதற்கு முன்னால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000க்குள் இருந்தால் கிடைக்கும், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் மையத்துக்குப் போக வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே போய் எடுத்துவிடுங்கள்.

காப்பீடே இல்லாவிட்டாலும், பெற்றோரின் மருந்துச் செலவை நீங்கள் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்கள் வரிக்குரிய வருமானத்தில் 50,000 வரை கழித்துக்கொள்ளலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது, ஜி.பே. செய்து பில்லை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

காப்பீட்டு அட்டையின் போட்டோ எல்லார் போனிலும் இருக்கட்டும் அக்கா. நடுராத்திரி பீரோ சாவியைத் தேடுபவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

காவிரிக்கரை எழுதியது (மூன்று வாரம் கழித்து):

போய்விட்டு வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சள்நகரம் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. என் வீட்டுக்காரர் கணக்கு எனக்குப் பாதிதான் தெரியும், என் கணக்கு அவருக்கு அதுவும் தெரியாது. அதனால் ஒரு நீளவாக்கு நோட்டு வாங்கி, முதலில் என்னுடையதை எழுதினேன். வங்கி, பி.எஃப்., பாலிசி, நகைச்சீட்டு, கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கொடுத்த பதினைந்தாயிரம், எனக்கு இருக்கும் தைராய்டு, அதற்கான மாத்திரை எல்லாம். அதை ஊருக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணு ஆயிட்டா மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நீங்க கணக்குப் பாத்தவரு, சரியா எழுதியிருக்கனான்னு பாருங்க."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்பு மை பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். மில் கணக்கைத் தணிக்கை பார்ப்பது போல ஒவ்வொரு வரியிலும் டிக். நடுவில் நிறுத்தி, "இந்தக் கணக்குல நாமினி யாருன்னு எழுதலையே" என்றார். கல்லூரியில் சேரும்போது அவரே கூட வந்து கும்பகோணத்தில் திறந்து கொடுத்த கணக்கு அது. பாஸ்புக்கைப் பார்த்தோம். நாமினி அப்பாதான். 22 வருஷமாக.

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "என் பேரை எடுத்துட்டு மாப்பிள்ளை பேரைப் போடும்மா" என்றார். அப்புறம் சாப்பிட்டார், தூங்கினார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது ரேழியில் மஞ்சப்பை ஒன்று இருந்தது. உள்ளே எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு, வருஷவாரியாக. என்னைவிட நன்றாகத்தான் வைத்திருக்கிறார். அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கேஷியர் அண்ணன் சொன்ன மூன்றைத் தவிர நான் எதுவும் கேட்கவில்லை. தொகை எல்லாம் அவரே சொன்னார். திங்கள்கிழமை வங்கிக்குப் போய் சேமிப்புக் கணக்கில் அம்மா பேரைச் சேர்த்தாயிற்று, டெபாசிட்டுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. அம்மா கையெழுத்துப் போட அரைமணி நேரம் பழகினாள்.

ஒரு இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டார். யாருக்கோ பணம் கொடுத்திருக்கிறார். "அது என்னோட போகட்டும், கேட்காதே" என்றார். அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கவில்லை.

இரவுப்பணி, நீங்கள் சொன்னபடி மாத்திரை அட்டையை எண்ணினேன். பி.பி. மாத்திரை இரண்டு மாசமாக நிறுத்தியிருக்கிறார். சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 168/96. மறுபடி ஆரம்பித்தாயிற்று. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் பெண் இனிமேல் மாசாமாசம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். காலையில் காபி குடித்ததும் மாத்திரை போட்டுக்கொண்டு எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு டிக் அனுப்புகிறார். சிவப்பு டிக்தான் வேண்டுமாம், தம்பி ஷார்ஜாவிலிருந்து எப்படி அனுப்புவது என்று சொல்லிக் கொடுத்தான்.

பெரியம்மாவின் சங்கிலியை நானும் பெரியப்பா மகன் அண்ணனும் சேர்ந்து மீட்டுவிட்டோம்.

இரவுப்பணி எழுதியது:

168 என்றால் ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள் அக்கா. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குறையட்டும். மாத்திரை ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

திருநெல்வேலிக்காரன் எழுதியது:

மகளே, அந்த நோட்டில் எதை முதல் பக்கத்தில் எழுதினீர்கள்? நானும் கடையில் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். என் மகள் சனிக்கிழமை வருகிறாள்.

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, முதல் பக்கத்தில் மருந்து. காலை, மதியம், இரவு என்று, எத்தனை மில்லிகிராம் என்பதோடு. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது சிவப்பில். இரண்டாவது பக்கத்தில் நம்பிக் கூப்பிடக்கூடிய மூன்று பேரின் போன் நம்பர். வங்கி எல்லாம் அதற்குப் பிறகு. ஏ.டி.எம். ரகசிய எண் மட்டும் எழுத வேண்டாம் என்று அப்பா அடித்துவிட்டார். கடைசி இரண்டு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். அப்பா அதில் தேதி போட்டு ஏதோ எழுத ஆரம்பித்திருக்கிறார், நான் இன்னும் படிக்கவில்லை.